மு.வ. யார்? கவுன்சலர்கள் இல்லாத காலத்தில் இளைஞர்கள் நம்பிப் படித்த பேராசிரியர்!

வேலையை விடலாமா, இவரை நம்பிக் கல்யாணம் பண்ணலாமா, ஒருதலைக் காதலில் இருந்து எப்படி வெளியே வருவது... இன்று இதற்கெல்லாம் கவுன்சலர் இருக்கிறார், ஆப் இருக்கிறது, நள்ளிரவில் அறிவுரை சொல்ல ரீல்ஸும் இருக்கிறது. 1950-களில் கிராமத்தில் இருந்து சென்னைக்குப் படிக்க வந்த ஒரு பையனுக்கு என்ன இருந்திருக்கும்? பலருக்கு இருந்தது மு.வ.வின் புத்தகம்.

பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஒரு குறளுக்கு அர்த்தம் தேடி கூகுளில் தட்டினால் முதலில் வரும் உரைகளில் ஒன்று மு.வரதராசனாருடையது. 1949-ல் வந்த அந்தக் கையடக்கத் தெளிவுரைதான் இன்று அவருக்கு அடையாளம். ஆனா அவரைத் தேடிப் படித்த தலைமுறைக்கு அவர் உரையாசிரியர் மட்டும் இல்லை.

1912-ல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளியிறுதி முடித்த கையோடு திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு கிராமத்துக்குத் திரும்பி ஓய்வெடுத்தார். கையில் வேலை இல்லை, உடம்பும் சரியில்லை, அடுத்து என்ன என்று தெரியாத வயது. அந்த இடைவெளியில்தான் தமிழை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார். கல்லூரி வகுப்பில் உட்காராமலே, தனியாகப் படித்து வித்துவான் தேர்வு எழுதினார். 1935-ல் மாநிலத்திலேயே முதலிடம். 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர். 1948-ல், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். கல்லூரிப் படியை மாணவராக மிதிக்காத ஒருவர், பேராசிரியராகத்தான் உள்ளே நுழைந்தார்!

கஷ்டப்பட்டுப் படித்த மாணவர்களுக்கு ஃபீஸ் கட்டியது, வீட்டுக்கு வந்தவர்களிடம் பொறுமையாகப் பேசியது என்று அவரிடம் படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால், ஒரு வகுப்பறைக்குள் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? அவர் எடுத்த வழி, கடிதம். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று நான்கு புத்தகங்கள். எல்லாமே வீட்டு மனிதர்களுக்கு எழுதும் கடிதங்கள் போலவே இருக்கும். ‘தம்பிக்கு’ நூலில் அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. நல்லவனாக இருந்தால் மட்டும் இந்த உலகத்தில் பிழைக்க முடியாது, வலிமையும் வேண்டும். வலிமை மட்டும் இருந்து நல்ல குணம் இல்லாவிட்டாலும் அழிவுதான். ஆபீஸ் பாலிடிக்ஸில் மாட்டிக்கொண்டு, நம்மதான் தப்போ என்று யோசிக்கும் யாருக்கும் இது புரியும். அவர் அதைத் தனி மனிதனுக்கு மட்டும் சொல்லவில்லை, தமிழ் மொழிக்கும் சேர்த்தே சொன்னார்.

நாவல்களிலும் இதே வேலைதான். 1961-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ கதையைப் பாருங்கள். வேலய்யன், சந்திரன் என இரண்டு நண்பர்கள். சந்திரன் அழகன், படிப்பில் கெட்டிக்காரன். வேலய்யன் ரொம்ப சுமார். கல்லூரியில் ஒரு பெண் நட்பாகப் பழகுகிறாள். சந்திரன் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அவளுக்குக் கல்யாணம் என்று தெரிந்ததும் நொறுங்கிப்போய், படிப்பை விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறான். அதன் பிறகு சரிவுதான், கடைசியில் தொழுநோய். சுமாரான வேலய்யன் நிதானமாக ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொள்கிறான். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்ணை மு.வ. குற்றவாளி ஆக்கவில்லை. நட்பு காட்டியது அவள் தப்பு இல்லை, தப்பாகப் புரிந்துகொண்டது இவன் பிரச்சினை. ஃப்ரெண்ட்ஸோன் என்று புலம்பும் மீம்ஸ் காலத்தில் படிக்கும்போது இது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கிறது. ஆனா நோயைத் தண்டனை மாதிரிக் காட்டியிருப்பதை இன்றைக்கு ஏற்க முடியாது.

முரண்கள் வேறு இடங்களிலும் உண்டு. கதை நடுவே பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் போதனை செய்கிறார்கள் என்பது இலக்கிய விமர்சகர்களின் பழைய புகார், நியாயமான புகார்தான். ‘தங்கைக்கு’ கடிதங்களில் பெண் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்ற தொனியை இன்று ஒரு தங்கை படித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். அதே மனிதர்தான் ‘கரித்துண்டு’ எழுதினார். கால் இழந்து நடைபாதையில் கரியால் படம் வரையும் ஓவியன், பிரிந்துபோன மனைவி, அவனுக்குத் துணையாக வரும் இன்னொரு பெண் என ஊர் வாய்க்கு அவல் ஆகிற கதை. யாரையும் கூண்டில் ஏற்றாமல் அதைச் சொல்லியிருப்பார்.

பச்சையப்பனில் இருந்து சென்னைப் பல்கலைக்கழகம், அங்கிருந்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர் வந்து சேர்ந்த இடம் அது. பதவியில் இருக்கும்போதே, 1974 அக்டோபர் 10-ல், 62 வயதில் காலமானார். அந்த நான்கு கடிதப் புத்தகங்களும் மெல்லியவை. பழைய புத்தகக் கடைகளில் இப்போதும் கண்ணில் படும், முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ அன்பளிப்பு என்று மையால் எழுதியிருக்கும்.