குழந்தைக்கான பணம் அப்பா பெயரிலா, அம்மா பெயரிலா? பிரிட்டன் அரசை இறங்கிவர வைத்த எலினோர் ராத்போன்

1945 மார்ச் 8. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் குடும்ப உதவித்தொகை மசோதா விவாதத்துக்கு வருகிறது. இரண்டாவது குழந்தையில் இருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் அரசே கொடுக்கும். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். வறுமைக்கோடு, வருமான வரம்பு எதுவும் கிடையாது. எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு.

இந்த ஒரு திட்டத்துக்காக கால் நூற்றாண்டுக்கும் மேல் போராடிய 72 வயதுப் பெண் உறுப்பினர் அன்று சபையில் இருந்தார். கொண்டாடியிருக்க வேண்டிய நாள். ஆனால், மசோதா இப்படியே வந்தால் இறுதி வாக்கெடுப்பில் தன்னால் ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம், மசோதாவில் இருந்த ஒரே ஒரு விஷயம். அந்தப் பணம் சட்டப்படி அப்பாவுக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தார்கள்.

யார் இந்த எலினோர் ராத்போன்?

1872ல் லண்டனில் பிறந்தவர். ஆனால் குடும்பம் லிவர்பூல் துறைமுக நகரின் பெரிய வணிகக் குடும்பம். அப்பா வில்லியம் ராத்போன் எம்.பி.யாக இருந்தவர், ஏழைகளின் வீடு தேடிப் போகும் செவிலியர் சேவையைத் தொடங்கிவைத்தவர். எலினோர் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் தத்துவமும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும் படித்தார். படித்தார், அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1920ல்தான்.

லிவர்பூல் திரும்பியவர் துறைமுகத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஆய்வு செய்தார். அங்கே வேலை தினக்கூலி. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, வேண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இந்த வாரம் வேலை இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. வேலை இருக்கிற வாரத்திலும் கணவன் கொடுக்கிற காசுதான் மனைவிக்கு வருமானம். எவ்வளவு கொடுப்பது என்பது அவர் இஷ்டம். 1909ல் லிவர்பூல் மாநகராட்சிக்குத் தேர்வான முதல் பெண் உறுப்பினர் ராத்போன்தான். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை.

போர் கொடுத்த ஆதாரம்

திருப்பம் 1914ல் வந்தது. முதல் உலகப் போருக்கு ஆண்கள் போனதும், படைவீரர்களின் மனைவிகளுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தது. எத்தனை குழந்தைகளோ அதற்கேற்ற தொகை. லிவர்பூலில் இந்தப் பணத்தைக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் ராத்போன் இருந்தார். இந்தப் பெண்கள் காசைக் குடித்தே அழித்துவிடுவார்கள் என்று அப்போது பேப்பர்களில் புலம்பல். (பெண்கள் கையில் பணம் கொடுத்தாலே இந்தப் புலம்பல் வந்துவிடுகிறது, எந்த ஊராக இருந்தாலும்.) ராத்போன் பார்த்தது வேறு. பல பெண்களுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாராவாரம் தவறாமல் வருகிற, தன் பெயரிலேயே வருகிற பணம் அது. கணவன் சம்பாத்தியத்தை நம்பி இருந்தபோது கிடைக்காத நிம்மதியும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் அதில் கிடைத்தன.

போர் முடிந்தால் இதுவும் முடிந்துவிடும். ஏன் முடியணும் என்ற கேள்வியில் இருந்துதான் அவருடைய திட்டம் பிறந்தது. 1917ல் சில நண்பர்களோடு ஒரு குழு அமைத்தார். 1924ல் வாதத்தை முழுசாக விரித்து 'தி டிஸ்இன்ஹெரிட்டட் ஃபேமிலி' என்ற புத்தகத்தை எழுதினார். வாரிசுரிமை பறிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்லலாம்.

வாதம் இதுதான். ஒரு ஆண் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி நியாயம் என்று பேசும்போதெல்லாம் அவர், மனைவி, மூன்று குழந்தைகள் என்று ஐந்து பேர் குடும்பத்தைக் கணக்கில் வைத்தார்கள். ஆனால் சரியாக மூன்று குழந்தைகள் இருந்த தொழிலாளிகள் கொஞ்சம் பேர்தான். கல்யாணம் ஆகாதவருக்கும் இல்லாத குழந்தைகளின் பேரில் கூலி கணக்காகிறது. ஆறு குழந்தை இருப்பவர் வீட்டில் பட்டினி. அதோடு, ஆண் குடும்பத்தைத் தாங்குகிறார் என்பதையே காரணமாகச் சொல்லி அதே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைவான சம்பளம். எனவே குழந்தை வளர்ப்புச் செலவைக் கூலியில் இருந்து பிரித்துவிடுங்கள், அதைச் சமூகம் ஏற்கட்டும், செய்யும் வேலைக்குச் சம்பளம் ஒன்றாக இருக்கட்டும் என்றார் அவர். இன்றைய எச்.ஆர். ஆட்களுக்கே சம ஊதியம் பற்றி இவ்வளவு தெளிவு இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கன்சர்வேட்டிவ் பக்கம் மட்டும் இல்லை, தொழிற்சங்கங்களில் இருந்தும்! அரசு குழந்தைக்குப் பணம் கொடுத்தால், முதலாளி கூலியைக் குறைப்பார் என்பது அவர்கள் பயம். வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு தன் நிலையை மாற்றிக்கொண்டது 1942ல்தான். ஆனால் புத்தகம் ஒரு முக்கியமான ஆளை மாற்றியிருந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இயக்குநராக இருந்த வில்லியம் பெவரிட்ஜ். படித்துவிட்டு, தன் கல்லூரி ஊழியர்களுக்கே குழந்தைப் படி கொடுக்க ஆரம்பித்தார்.

1929ல் ராத்போன் நாடாளுமன்றத்துக்குப் போனார். அங்கேயும் சுயேச்சைதான். பிரிட்டனில் அப்போது பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன; ஒருங்கிணைந்த ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் என்ற தொகுதியில் ஜெயித்து, சாகும்வரை அதைத் தக்கவைத்தார். கனமான கைப்பையும் காகிதக் கட்டுமாக அவர் வருவதைப் பார்த்தால் அமைச்சர்கள் ஒதுங்கி ஒளிவார்கள் என்று ஒரு கதை உண்டு. ஹிட்லரிடம் இருந்து தப்பி வந்த அகதிகளுக்காக அவர் கொடுத்த தொல்லை அப்படி.

இந்தியாவும் அவரும்

இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு அவரைப் பாராட்ட முடியாது. கேத்ரின் மேயோவின் 'மதர் இந்தியா' புத்தகத்தைப் படித்து, குழந்தைத் திருமணத்துக்கு எதிராகக் களம் இறங்கினார் ராத்போன். இந்தியப் பெண்களைக் கேட்காமலே அவர்களுக்காகப் பேசுகிறார் என்று 1929லேயே தன்வந்தி ராம ராவ் போன்றவர்கள் லண்டனில் அவர் முகத்துக்கு நேராக எதிர்த்தார்கள். பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டார். 1932ல் இந்தியா வந்தார். பெண்கள் வாக்குரிமை பற்றி சென்னை மாகாணத்தின் ராதாபாய் சுப்பராயனோடு கடிதத் தொடர்பில் இருந்தார். அவரும் சோமர்வில் கல்லூரிக்காரர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். ஆனால் பழைய தோரணை முழுசாகப் போகவில்லை. 1941ல் போருக்கு ஒத்துழைக்காத இந்தியர்களைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுத, நோய்ப் படுக்கையில் இருந்த தாகூரே காட்டமாகப் பதில் கொடுத்தார்.

மீண்டும் 1945க்கு

1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. நோய், வேலையிழப்பு, முதுமை என எல்லாவற்றுக்கும் சேர்த்து தேசம் முழுக்க ஒரே சமூகப் பாதுகாப்பு. அதற்கு அடிப்படையாகக் குழந்தை உதவித்தொகை கட்டாயம் இருக்க வேண்டும் என்றார் பெவரிட்ஜ். அவர் கேட்டது 8 ஷில்லிங். அரசு கொடுத்தது 5. மிச்சத்தைப் பள்ளிச் சாப்பாடாகவும் பாலாகவும் தருவோம் என்று சமாளித்தது. முதல் குழந்தைக்கு எதுவும் இல்லை.

தொகையில் விட்டுக்கொடுக்க ராத்போன் தயாராகவே இருந்தார். பெயரில்தான் இல்லை. குழந்தையைப் பராமரிக்கும் சட்டப் பொறுப்பு அப்பாவுடையது, ஆகவே பணமும் அவருடையது என்பது அரசின் தர்க்கம். பேப்பரில் பார்த்தால் சின்ன விஷயம். அம்மாதானே போய் வாங்கி வரப்போகிறார் என்று தோன்றும். ஆனால் சொந்தக்காரர் யார் என்று சட்டம் சொல்லிவிட்டால், கணவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். லிவர்பூல் துறைமுகத் தெருக்களில் அவர் பார்த்த அதே நிலை, இந்த முறை அரசு முத்திரையோடு. குழந்தை வளர்ப்பது வேலை, அந்த வேலையைச் செய்பவருக்கு இது சேர வேண்டும் என்று இத்தனை வருஷம் சொன்னதையெல்லாம் அந்த ஒரு விஷயம் அழித்துவிடும்.

அவர் தனி ஆளாகவும் இல்லை. பெண்கள் அமைப்புகள் எம்.பி.க்களை விடாமல் நெருக்கின. சபையில் இருந்த பெண் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கூட நின்றார்கள். தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அரசு இறங்கிவந்து, கட்சிக் கட்டளை இல்லாமல் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி முடிவெடுக்கட்டும் என்று விட்டது. சபை அம்மாவின் பக்கம் நின்றது. 1945 ஜூனில் மசோதா சட்டமானது.

1946 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டன் அம்மாக்கள் தபால் நிலையங்களில் தங்கள் பெயரிலேயே முதல் தொகையை வாங்கினார்கள். அதைப் பார்க்க ராத்போன் இல்லை. அந்த ஜனவரி 2ஆம் தேதியே காலமாகியிருந்தார்.

முதல் குழந்தை விவகாரம் அப்படியே கிடந்தது. 1970களில் அப்பாக்களின் சம்பளத்துக்கு இருந்த குழந்தை வரிச் சலுகையை எடுத்துவிட்டு, எல்லாக் குழந்தைக்கும் சேர்த்து அம்மாவிடமே பணமாகக் கொடுக்க ஒரு சட்டம் வந்தது. 1976ல் கேலஹன் அமைச்சரவை அதைத் தள்ளிப்போடப் பார்த்தது. ஆண்களின் கைக்கு வரும் சம்பளம் குறையும், தொழிற்சங்கங்கள் கோபப்படும் என்ற பயம். அமைச்சரவைக் குறிப்புகள் பத்திரிகைக்குக் கசிந்து பெரிய ரகளை ஆனது. 1977 ஏப்ரலில்தான் முதல் குழந்தைக்கும் பணம் வர ஆரம்பித்தது.