உள்ளுறை வெப்பம் கண்ட பிளாக்

அடுப்பில் ஏற்றிய உலைநீர் கொதிக்கத் தொடங்கிய பின்னர், எவ்வளவு தீயை மூட்டினும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. அங்ஙனமாயின், தீ தந்த வெப்பம் எங்கே சென்றது? உலகோர் நாள்தோறும் கண்டும் கேளாதுவிட்ட இவ்வினாவைக் கேட்டு, விடையும் கண்டவர் ஜோசப் பிளாக் என்னும் பேரறிஞர்.

அவர் 1728ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் மது வணிகர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். ஸ்காட்லாந்தில் மருத்துவம் பயின்றார். 1756இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார்.

கொதிநீரில் மறையும் வெப்பத்தை அளக்க விழைந்த பிளாக்கிற்கு ஓர் ஐயம் தடையாய் நின்றது. நெருப்பு ஒரு சீராய் எரியும் என்று எவ்வாறு கொள்வது? சாராயம் வடிப்பவர் ஒருவர் அதனைப் போக்கினார். உலை செவ்வனே எரிந்தால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வடியும் என்பதைப் பிசகாமல் சொல்லலாம் என்றார் அவர். பட்டறிவுடையோர் சொல்லைப் பேராசிரியர் இகழ்ந்தாரல்லர். 1762ஆம் ஆண்டு, தட்டையான அடியுடைய தகரக் கலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் வைத்தார். நீர் 4 நிமிடங்களில் கொதித்தது. முற்றும் ஆவியாகி வற்றவோ மேலும் 20 நிமிடங்கள் ஆயின. குளிர்நீரைக் கொதிநிலைக்கு உயர்த்திய வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு ஆவியினுள் கரந்திருப்பதை அவர் இவ்வாறு கண்டார். அதனையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். நீராவியின் ஆற்றலைக் கண்டு திகைத்த ஜேம்சு வாட்டிற்கும் அவரே இதனை விளக்கினார்.

ஆயினும், இவ்வுண்மையை அவர் மாணவர்க்கு உரைத்தாரேயன்றி அச்சிட்டாரல்லர். இதற்குள் சுவீடன் நாட்டு வில்கெ என்பார், பனிக்கட்டி உருகுங்கால் வெப்பம் மறைதலைத் தாமே கண்டு 1772இல் வெளியிட்டுவிட்டார். பிளாக்கின் சொற்பொழிவுகளோ, அவர் 1799இல் மறைந்த பின்னர், நண்பர் ராபிசனால் 1803இல்தான் நூலாயின. இத்துணைத் தயக்கம் வேண்டுவதன்று என்றே நமக்குத் தோன்றுகின்றது.

வெப்பத்தை விழுங்கியும் சூடேறாத இக்கொதிப்பு, இன்று கணிப்பொறியைக் காக்கவும் உதவுகின்றது. கணிப்பொறியின் மின்னணுச் சில்லு சிறிதாயினும், மின்சாரம் பாயுங்கால் மிகச் சூடேறும். சூடு மிக்கால் கெடும். நீர் பட்டால் மின்கசிவு உண்டாகும். ஆதலின், மின்சாரத்தைக் கடத்தாததும் ஏறத்தாழ 50 பாகை செல்சியசிலேயே கொதிப்பதுமாகிய ஃபுளூரின் சேர்ந்த நீர்மத்தினுள், சில்லுகள் பொருந்திய பலகையையே சில இடங்களில் மூழ்குவிப்பர். சில்லின்மேல் நீர்மம் குமிழிட்டுக் கொதிக்கும். எழும் ஆவி அச்சூட்டைத் தன்னுள் கரந்து சுமந்து செல்லும். மேலேயுள்ள குளிர்ந்த குழாயில் பட்டுச் சுமையை இறக்கிவிட்டு, மீண்டும் துளியாய் வீழும். ஆனால், சூடு எல்லை கடந்தால் ஆவியே படலமாய்ச் சில்லைப் போர்த்து, வெப்பம் வெளியேறாமல் தடுத்துவிடும். அவ்வெல்லைக்கு உட்பட்டே அதனை இயக்குவர்.