இருளைத் தேடிய அறிஞர்

விழுப்புரம் மாவட்டத்து முகையூரைப் போன்ற சிற்றூர்களில், நிலவில்லாத இரவில் வயல்வெளியில் நின்று மேலே நோக்குவோர்க்கு, நகரத்தார் காணவியலாத காட்சியொன்று புலப்படும். கருந்துணியில் வெண்மணிகளை வாரி இறைத்தாற்போல வானெங்கும் விண்மீன்கள் ஒளிரும். விண்மீன்களின் ஒளியைக் காட்டுவது இருளேயாகும். அவ்விருளின் அருமையை உணர்ந்து, அதனை நாடிப் பல மலைகளில் தேடி, தமிழகத்தில் பெரியதொரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவியவர் வைணு பாப்பு என்னும் பேரறிஞர் ஆவார்.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிசாமியா வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி வந்தார். உலகின் பல நாடுகளிலுள்ள நிலையங்கள் வானத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, அதனைப் படம் பிடித்து, விண்மீன்களின் இடங்களை அட்டவணைப்படுத்தும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தன. அம்முயற்சியில் பங்கு கொண்ட நிலையங்களுள் நிசாமியாவும் ஒன்று. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அது அளந்து வெளியிட்டது. இத்தகைய சூழலில் வளர்ந்த சிறுவருக்கு வானமே பள்ளியாக அமைந்ததில் வியப்பில்லை. மாணவராக இருந்தபொழுதே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களை ஆராய்ந்து அவர் கட்டுரைகள் எழுதினார்.

இரவு வானத்தைப் படம் பிடித்தல் எளிய செயலன்று. நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நொடிக்குமுன் கண்ட ஒளி அந்நொடியோடு மறைந்துவிடுகிறது. படக்கருவியின் தகடோ, துளித்துளியாகக் குடத்தில் நீர் சேர்வது போல, நேரம் செல்லச் செல்ல ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆதலால் கண்ணுக்குத் தெரியாத மங்கிய விண்மீனும், ஒரு மணி நேரம் திறந்து வைத்த தகட்டில் தெளிவாகப் பதியும். ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பூமி தன்னைத் தானே சுற்றுவதால், விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்வன போலத் தோன்றும். படக்கருவியை அசையாது நிறுத்திவிட்டால், அவை புள்ளிகளாகப் பதியாமல் கோடுகளாகப் பதியும். தொலைவிலுள்ளவற்றைப் பெரிதாகக் காட்டும் ஆடியைப் பொருத்தினால், அந்நகர்ச்சியும் பெரிதாகவே தெரியும். எனவே, கடிகாரம் போன்ற பொறியினால் தொலைநோக்கியை விண்மீனோடு ஒத்து நகர்த்துதல் வேண்டும். அதற்குப் பொறுமையும் விழிப்பும் இன்றியமையாதவை.

உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பாப்புவுக்கு, அப்பொறுமையின் பயன் விரைவிலேயே கிட்டியது. 1949ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் எடுக்கப்பெற்ற தகட்டில், எண்ணற்ற விண்மீன்களிடையே புதியதொரு வால்மீன் பதிந்திருப்பதை அவர் கண்டார். அவ்வால்மீன் அவர் பெயராலும், உடனிருந்த பார்ட் பாக், கார்டன் நியூகர்க் ஆகியோர் பெயர்களாலும் வழங்கலாயிற்று. பின்னர், கலிபோர்னியாவிலுள்ள மவுண்ட் வில்சன், பலோமார் நிலையங்களில் அவர் ஆராய்ச்சி செய்தார். விண்மீனின் ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துப் படம் எடுத்தால், அதில் நுண்ணிய கோடுகள் தோன்றும். சிலவகை விண்மீன்களில் சுண்ணாம்புச் சத்தினால் உண்டாகும் ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டே, அவற்றின் உண்மையான ஒளியளவை அறியலாம் என்று அவரும் ஓலின் வில்சனும் நிறுவினர். அதன் வாயிலாக அவ்விண்மீன்களின் தொலைவையும் கணக்கிட முடிந்தது. 1957இல் வெளியான அவ்வுண்மை இருவர் பெயராலும் வழங்கி வருகிறது.

சிறந்த கருவிகளும் புகழும் அயல்நாட்டில் அவருக்குக் கிட்டியிருந்தன. எனினும், அவர் 1953இல் தாயகம் திரும்பினார். நம் நாட்டு இளைஞர் வானத்தை ஆராய வேண்டுமாயின் கடல் கடந்தே செல்லவேண்டும் என்னும் நிலை மாறவேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. நைனிதாலில் வானாராய்ச்சி நிலையம் அமைவதற்கு வழிகோலியபின், 1960இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்றார். கொடைக்கானல், சூரியனைப் படம் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்ற இடம். ஆனால், அங்குக் கவியும் முகில் இரவுநேர ஆராய்ச்சிக்குத் தடையாக இருந்தது. ஆகவே பாப்புவும் அவர்தம் துணைவர்களும் முகிலும் தூசும் ஊரொளியும் அணுகாத இடத்தைத் தேடினர். முகையூருக்கு வடமேற்கே, திருவண்ணாமலைக்கும் அப்பால் உள்ள சவ்வாது மலையில், காவலூர் என்னும் சிற்றூரை அடுத்த காட்டை அவர்கள் தெரிந்தெடுத்தனர். தென்வானத்தின் பெரும்பகுதியை அங்கிருந்து காணலாம் என்பது மற்றொரு சிறப்பு.

நம்மவர் கைகளால் உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று 1968இல் அங்கு நிறுவப்பெற்றது. 1972இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபொழுது, மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி மங்கியது காவலூரில் பதிவாயிற்று. அக்கோளைச் சூழ்ந்து வளையங்கள் உள்ளன என்னும் உண்மை வெளிப்பட்டதில் அப்பதிவுக்கும் பங்குண்டு.

பாப்பு அத்துடன் மனநிறைவு அடையவில்லை. 234 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெருந்தொலைநோக்கியை இந்தியரே சமைக்க வேண்டும் என்று முனைந்தார். அயல்நாட்டில் விலைகொடுத்து வாங்குதல் எளிது. ஆனால், ஆக்கும் திறன் விலைக்கு வாராது என்பதை அவர் அறிந்திருந்தார். பணி நடந்துகொண்டிருக்கையில், 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அப்பொறுப்பில் இருந்தபொழுதே நோய்வாய்ப்பட்டு, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் செருமனியிலுள்ள மியூனிக்கு நகரில் காலமானார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. தாம் கனவு கண்ட தொலைநோக்கியின் வழியே ஓர் இரவேனும் வானத்தை நோக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்றோர் அதனை முடித்தனர். 1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், அத்தொலைநோக்கிக்கும் காவலூர் நிலையத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. இரண்டாண்டுகள் கழித்து, காவலூரில் எடுத்த படங்களில் புதியதொரு சிறுகோள் கண்டறியப்பெற்று, கணித மேதை இராமானுசன் பெயரைப் பெற்றது. அன்று அமெரிக்க மண்ணில் ஒரு தகட்டில் இந்திய இளைஞர் கண்டதற்கு ஒப்பான காட்சியை, இந்தியர் தம் மண்ணிலேயே காணும் காலம் வந்தது. பயனைத் தாம் நுகராவிடினும் பின்வருவோர்க்காக மரம் நடுவோரைப் போன்றவர் வைணு பாப்பு. அவர்தம் உழைப்பின் பயனை, காவலூரின் இருளில் கண்விழித்து வானை ஆராய்ந்தோர் பலர் நுகர்ந்தனர்.