ரத்தப் புற்றுநோயை ஏமாற்றிய மருந்து

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் நம் ரத்த அணுக்களை உருவாக்குகின்றன. எத்தனை அணுக்கள் வேண்டும் என்று கட்டளையிடுபவை மரபணுக்கள். அதில் பிழை நேர்ந்தால், முதிராத வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகும். அதுதான் ரத்தப் புற்றுநோய். அதை அடக்க வழிகாட்டியவர்களில் ஒருவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். சத்துகளை உடல் ஏற்காத குடல் நோயால் அவருடைய அண்ணன் இறந்துபோனார். பின்னர் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தயாரித்தது. அண்ணனைக் கொன்ற நோய்க்கு அது மருந்தானது!

செல்கள் பெருக அந்த வைட்டமின் அவசியம். அதனால் அதைப் போலவே இருக்கும் 'அமினோப்டெரின்' என்ற போலியையும் குழு உருவாக்கியது. ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும் புற்றுச் செல்கள் பெருக முடியாமல் தவிக்கும். பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அப்படி நடந்ததில்லை!

1948 ஜூனில் இந்த முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அதே வழியில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் உண்டு. அதைப் பார்க்கும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள்!