கேயார்க் லூகர்

போர்களைப் பற்றிப் படிக்கும்போது படைத்தலைவர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். அவர்தம் இடுப்பில் தொங்கிய கருவியை ஆக்கியவர் யாரென்று கேட்பதில்லை. வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் அத்தகைய ஒருவரின் வாழ்வை இங்குக் கூற விழைகிறேன்.

கேயார்க் லூகர் 1849 மார்ச் 6ஆம் நாள் ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் பிறந்தார். இளமையில் படையில் சேர்ந்து குறிதவறாமல் சுடுவதில் பெயர் பெற்றார். துப்பாக்கி வல்லுநர் மான்லிக்கருடன் பணியாற்றியபின், 1891இல் பெர்லினில் லூத்விக் லோவே நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஹ்யூகோ போர்ஷார்ட் என்பவர், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றை 1893இல் அமைத்தார். முழங்கால் போல் மடிந்து நிமிரும் மூட்டு அதன் உயிர்நாடி. ஆயினும் அது கைக்கு அடங்காத பருமன் கொண்டது. அதைச் சுருக்கி, பிடியைச் சாய்த்து, கைக்கு இசைவாக்கியவர் லூகர். சுவிட்சர்லாந்து 1900இலும், ஜெர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதனை ஏற்றன. அதற்கென அவர் அமைத்த 9 மில்லிமீட்டர் தோட்டா இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

ஜெர்மன் படையினர் அதை ‘08’ என்ற எண்ணால் அழைத்தனர். அமெரிக்காவில்தான் லூகர் என்ற பெயர் ஓங்கி நின்றது. பணவீக்கத்தால் ஜெர்மனி நொறுங்கிய 1923ஆம் ஆண்டின் டிசம்பரில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் அக்கருவி கண்ட கோலத்தையே நான் பெரிதும் எண்ணிப் பார்க்கிறேன். 1918இன் தோல்விக்குப்பின் ஜெர்மனிக்கு ஆயுதக் கட்டுப்பாடு இருந்தது. எனவே ஹிட்லர் ஆட்சி ஆலையின் பெயரையும் ஆண்டையும் மறைத்தது. மூட்டின்மேல் ‘எஸ்/42’ என்றிருந்தால் அது ஓபர்ன்டார்ஃபில் உள்ள மௌசர் ஆலையின் குறி. தோட்டா அறைமேல் ‘கே’ என்றால் 1934. ‘ஜி’ என்றால் 1935. 1936 முதல் ஆண்டை வெளிப்படையாகப் பொறித்தனர். பின்னர் ஆலைக்குறி ‘42’ என்று சுருங்கி, 1941இல் ‘பி.ஒய்.எஃப்.’ என மாறியது. மூட்டின்மேல் உள்ள 42 ஆலையைக் குறிக்கும். அறைமேல் உள்ள 42 ஆண்டைக் குறிக்கும். புதிதாய்ச் சேகரிப்போர் இடறுமிடம் இதுவே. உறுப்புகளின் எண்கள் தொடர் எண்ணின் கடைசி இரு இலக்கங்களோடு பொருந்துகின்றனவா என்றும் தேர்ந்தவர்கள் பார்ப்பர். பொருந்தாவிடில் உறுப்பு மாற்றப்பட்டது என்பது தெளிவு. 1938இல் ஏற்கப்பட்ட வால்தர் ‘38’ வந்தபின், 1942இல் மௌசர் ஆலை படைக்காக லூகர் செய்வதை நிறுத்தியது.

கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கும் நமக்கு இக்கலை அயலானதன்று. மறைக்க எண்ணிப் பொறித்த குறிகளே இன்று காலத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதை அந்த இரும்பில் படித்துவிடலாம். அது யாரைச் சுட்டு வீழ்த்தியது என்பதை மட்டும் எந்த எண்ணும் சொல்வதில்லை. நண்பர்களே, லூகரின் கைத்திறனைப் போற்றும்போது அந்த எழுதப்படாத வரியையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்று மாணவரின் கடன்.