விலங்குகளை வடித்த சிற்பி

அந்துவான் லூயி பாரீ 1795-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். அந்நகர விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கம், புலி முதலியவற்றைக் கூர்ந்து நோக்கி வரைந்தார். இறந்த விலங்குகளின் உடலையும் அளந்து, எலும்பு, தசைகளின் அமைப்பை அறிந்தார்.

விலங்குச் சிற்பங்களைத் தாழ்வாகக் கருதிய காலம் அது. 1837-இல் கலைக்காட்சி நடுவர்கள் அவருடைய படைப்புகளை ஏற்க மறுத்தனர். 1848-இல் கடன் சுமையால் தம் சிற்ப மாதிரிகளையும் இழந்தார். எனினும் மனம் தளராது உழைத்தார். 1854-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவிய ஆசிரியரானார். 1875-இல் மறைந்தார்.

அமெரிக்கக் கலை அன்பர்களும் பொருளுதவி செய்ய, 1894-இல் சேன் ஆற்றுத் தீவொன்றில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அவர் வடித்த உருவங்களே அதனை அணிசெய்தன. மறுக்கப்பட்ட கலையே அவர் புகழுக்குச் சான்றாயிற்று.