மரக்குழலும் மார்பின் ஒலியும்

டாக்டர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கழுத்திலே தொங்கும் ஸ்டெதாஸ்கோப். அதனை உலகுக்கு அளித்தவர் பெயரோ நம்மில் பலருக்குத் தெரியாது. ரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அவர். அவர் வரலாற்றைப் படித்த நாள்முதல் அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆதலின் நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்றொரு பகுதி உண்டு. அங்கே கெம்பேர் என்ற ஊரில் 1781-ஆம் ஆண்டு பிறந்தார் லென்னெக். ஐந்து வயதிலே தாயை இழந்தார். அன்னையைக் கொண்டு சென்றது எலும்புருக்கி நோயே என்பர் பலர். நாந்த் நகரில் மருத்துவராக இருந்த சிற்றப்பன் வீட்டிலே வளர்ந்து, 1801-இல் பாரிசுக்குச் சென்று கொர்விசாரிடம் மருத்துவம் பயின்றார். நெப்போலியனுக்கே வைத்தியம் பார்த்தவர் இந்தக் கொர்விசார். மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று அறியும் முறையை அவர் கற்பித்து வந்தார்.

1816-இல் லென்னெக் நெக்கர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். இதய நோய்க் குறிகளோடு ஓர் இளம்பெண் அங்கே வந்தாள். பருத்த உடல், தட்டிப் பார்த்துப் பயனில்லை. மார்பின்மேல் காதை வைத்துக் கேட்பதோ முறையன்று. மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் அது தெளிவாகக் கேட்குமே என்பது அவர் நினைவுக்கு வந்தது. காகிதத்தை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். வெறுங்காதால் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது!

தெருவிலே விளையாடிய பிள்ளைகளைக் கண்டு இந்த யோசனை தோன்றியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அழகான கதைதான், நான் நம்பவில்லை. காகிதச் சுருளைவிடப் பெரிது அதற்குப் பின் அவர் பட்ட பாடு என்பேன். ஒரு சாண் நீளத்தைவிடச் சற்று மிகுந்த மரக்குழலைத் தாமே கடைந்து செய்துகொண்டார். புல்லாங்குழல் வாசிக்கும் பழக்கமுள்ள செவி அது. படுக்கை படுக்கையாகச் சென்று கேட்டார்; கேட்டதைக் குறித்தார். நோயாளி இறந்தால் உடலை அறுத்துப் பார்த்து, தாம் கேட்ட ஒலிக்கும் உள்ளே இருந்த கேட்டுக்கும் பொருத்தம் பார்த்தார். நுரையீரலின் உறையில் நீர் தேங்கினால் நோயாளியின் பேச்சு ஆட்டின் கனைப்புப்போல் நடுங்கி வரும். நுரையீரலிலே குழி விழுந்திருந்தால் நோயாளியின் குரல் நேரே குழல் வழியாகக் காதில் வந்து பேசுவது போலிருக்கும். இப்படி ஒலிக்கொரு பெயரிட்டு, 1819-இல் இரண்டு பாகங்களாக நூல் வெளியிட்டார். மூச்சுக்குழாய்கள் நிலையாக விரிந்துவிடும் நோயை முதன்முதல் விளக்கியதும் அந்நூலே.

நோயை அறிந்தாயிற்று, தீர்ப்பது எவ்வாறு? நிமோனியாவுக்கு ஆன்டிமனி கலந்த மருந்தை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தார். எலும்புருக்கிக்கோ மருந்தே இல்லை. கடற்காற்று நல்லது என்று எண்ணி, நோயாளிகளின் படுக்கையைச் சுற்றிக் கடற்பாசியைப் பரப்பினார். பாரிசின் நடுவிலே ஒரு கடற்கரை! அதுவும் பலிக்கவில்லை. மனத்துயரே அந்நோய்க்கு ஒரு காரணம் என்றும் கருதினார். அதனை விளைவிக்கும் கிருமியைக் காக் கண்டறிந்தது 1882-இல் அல்லவா!

அவருடைய மெலிந்த உடலும் இடையிடையே ஓய்ந்தது. சொந்த நாட்டுப்புறம் சென்று தேறி வந்தார். 1822-இல் கொலேஜ் த பிரான்சில் பேராசிரியரானார். 1826-இல் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த சமயம் இருமலும் காய்ச்சலும் மிகுந்தன. தம்மிடம் பயின்ற மருத்துவரான உறவினர் மெரியாதெக்கை அழைத்து, தம் மார்பிலே குழலை வைத்துக் கேட்கச் சொன்னார். அந்த இளைஞர் தாம் கேட்டதைச் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் ஒலியின் பொருளும் லென்னெக்குக்கு விளங்கிற்று. அவற்றுக்குப் பெயர் வைத்தவரே அவர்தாமே!

மீண்டும் பிரிட்டனிக்குப் பயணமானார். ஆகஸ்டு 13-ஆம் நாள், 45-ஆம் வயதில், கடலுக்கு அருகிலிருந்த தம் வீட்டில் உயிர் துறந்தார். உயிலிலே கடிகாரத்தையும் மோதிரத்தையும் ஏடுகளையும் மெரியாதெக்குக்கு எழுதி வைத்திருந்தார். அவற்றினும் மேலான சொத்தாகத் தம் மரக்குழலையும்.